மூன்று பேர், ஒரு சுவிசேஷம், 40 வாரம்: காவிரிக் கரையில் சீஷராக வளரவும் வளர்க்கவும்

டெல்டாவில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஞாயிறு ஆராதனை, புதன் வீட்டு ஜெபம், வெள்ளி உபவாச ஜெபம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம், வருஷத்துக்கு ஒருமுறை மூன்று நாள் கன்வென்ஷன். இத்தனையிலும் இருபது வருஷமாகத் தவறாமல் உட்கார்ந்தவரிடம், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சுவிசேஷப் பகுதியை வாசித்து விளக்கச் சொல்லிப் பாருங்கள்; திகைத்துப்போவார். அண்ணனோடு வரப்புத் தகராறு வந்தால் வேதத்தைத் திறக்க அவருக்குத் தோன்றாது, வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குத்தான் கால் போகும். குறை அவரிடம் இல்லை. கேட்டுக்கொண்டிருக்க மட்டுமே சபை அவரைப் பழக்கியிருக்கிறது. கேட்டதைச் செய்யவும், செய்ததை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்கவும் யாரும் கூட இருந்து பழக்கவில்லை.

கர்த்தர் விட்டுச்சென்ற கட்டளை, தாம் கற்பித்த யாவையும் "கைக்கொள்ளும்படி" உபதேசிக்க வேண்டும் என்பது (மத்தேயு 28:20). அவர் பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொண்டதும் முதலில் தம்மோடுகூட இருக்கத்தான். அனுப்பியது அதற்குப் பிறகு (மாற்கு 3:14). பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது நாலு கை வரிசையாகத் தெரிகிறது: பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்களிடம் கற்கும் மற்றவர்கள் (2 தீமோத்தேயு 2:2). அந்த நாலாவது ஆள்வரை போய்ச் சேர்வதற்கான வேலைத்திட்டம் இது.

திட்டம் சுருக்கமானது. நடத்துபவர் ஒருவர், கற்பவர் இரண்டு அல்லது மூன்று பேர். வாரம் ஒரு நாள், ஒன்றேகால் மணி நேரம். பாடப்புத்தகம் மாற்கு சுவிசேஷம் மட்டும். அதில் 16 அதிகாரம், 678 வசனம். வாரத்துக்குச் சுமார் 17 வசனம் என்று எடுத்தால் 40 வாரத்தில் முடியும். மாற்குவைச் சொல்வதற்குக் காரணம், அதில் பிரசங்கம் குறைவு, சம்பவம் அதிகம். பள்ளிக்கூடம் போகாதவரும் ஒருமுறை கேட்டுத் திருப்பிச் சொல்லிவிடுவார். ஆள் எண்ணிக்கைக்கும் காரணம் உண்டு. ஒரே ஒருவர் என்றால் அது விசாரணையாகவோ புத்திமதியாகவோ மாறிவிடும். ஐந்து பேர் என்றால் இரண்டு பேர் வாய் திறக்காமலே வருஷத்தை ஓட்டிவிடுவார்கள். மூன்று பேர் இருந்தால், ஒருவர் கூலி வேலைக்குப் போய்விட்டாலும் அந்த வாரம் நின்றுபோகாது.

முதலில் உங்கள் 25 நிமிடம்

தனக்கென்று தியான நேரம் இல்லாதவர் பிறரை நடத்தத் தொடங்கினால் மூன்றாம் மாதம் சரக்கு தீர்ந்துவிடும். பிறகு பழைய பிரசங்கங்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார். ஆகவே ஆட்களைத் தேடுவதற்கு முன் குறைந்தது மூன்று மாதம் இதைப் பழகுங்கள்: 5 நிமிடம் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசித்து அமைதியாக இருப்பது, 12 நிமிடம் வேதம், 8 நிமிடம் ஜெபம்.

நாலு சுவிசேஷங்களிலும் சேர்த்து 89 அதிகாரம். நாளைக்கு ஒன்றாக வாசித்தால் அந்த மூன்று மாதத்துக்குச் சரியாக இருக்கும். பிறகு புதிய ஏற்பாடு முழுவதும்: 260 அதிகாரம், வாரம் ஐந்தாக 52 வாரம். வாரத்தில் இரண்டு நாள் மிச்சம் இருப்பதால் காய்ச்சல், கல்யாணம், துஷ்டி வீடு எதுவும் திட்டத்தைக் குலைக்காது. ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்கி 1,189 அதிகாரத்தையும் ஒரே வருஷத்தில் முடிக்கப் புறப்படுகிறவர்களில் பலர் மாசி பிறப்பதற்குள் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். நிற்கக் காரணம் சோம்பல் அல்ல. நாலு நாள் விட்டுப்போனதும் பதின்மூன்று அதிகாரம் பாக்கி என்ற மலைப்பு வந்துவிடுகிறது. விட்டுப்போனதை விட்டுவிடுங்கள், இன்றைக்கு உரியதை வாசியுங்கள்.

ஒரு 80 பக்க நோட்டு வைத்துக்கொண்டு தினமும் மூன்று வரி எழுதுங்கள். இந்தப் பகுதியில் கர்த்தர் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? என்னிடம் என்ன கேட்கிறார்? இன்று அதை எங்கே, யாரிடம் செய்வேன்? மூன்றாவது வரியில் ஒரு ஆளின் பெயரோ ஒரு நேரமோ இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அது வெறும் ஆசை.

அதிகாலை நாலு மணி ஜெபத்தை வளர்ச்சிக்கு அளவாக வைக்காதீர்கள். நடவுக்குப் போகும் பெண் நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுத்து, ஆறு மணிக்கெல்லாம் வரப்பில் நிற்கிறார். அவருக்கு மத்தியானம் வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட்ட பிறகு, பிள்ளைகள் வருமுன் கிடைக்கும் அரை மணி நேரம்தான் நல்ல நேரம். கடலுக்குப் போகிறவருக்குக் கரை வந்து மீன் ஏலம் முடிந்த பிறகு. எந்த நேரம் என்பது ஆளுக்கு ஆள் மாறலாம். தினமும் அதே நேரம் என்பது மட்டும் மாறக்கூடாது.

காலையில் வாட்ஸ்அப்பில் வரும் வாக்குத்தத்த வசனம் இந்த 25 நிமிடத்துக்கு ஈடாகாது. எரேமியா 29:11 அடிக்கடி வரும்: சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகள். அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பிறகு என்று இருக்கிறது. அது எந்த அட்டையிலும் அச்சாவதில்லை. முன்னும் பின்னும் வாசித்தவருக்குக் காத்திருக்கத் தெரியும். அட்டையை மட்டும் வாசித்தவர், அறுவடை பொய்த்த வருஷத்தில் கர்த்தர் கைவிட்டார் என்று நினைப்பார்.

காணிக்கையும் சீஷத்துவத்தின் பகுதிதான். மாதச் சம்பளக்காரர் சம்பள நாளிலும், கூலிக்காரர் கூலி வாங்கும் அன்றைக்கும் தனியே எடுத்து வைப்பது நல்லது. கடன் வாங்கியோ மகளிர் சுயஉதவிக் குழுப் பணத்திலிருந்தோ காணிக்கை போடக்கூடாது. அப்படிக் கேட்கிற ஊழியர் யாராக இருந்தாலும் மறுத்துவிடலாம். அதில் பாவம் இல்லை.

யாரைச் சேர்ப்பது, எப்படிக் கேட்பது

முதலில் உங்கள் போதகரிடம் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் நடக்கும் வீட்டுக் குழு, நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ஆறு மாதத்தில் "தனிக் கட்சி" என்று பெயர் எடுக்கும். வேறு சபைக்காரரை உங்கள் சபைக்கு இழுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள்.

நன்றாகப் பாடுகிறவரையும் சரளமாக ஜெபிக்கிறவரையும்தான் கண் முதலில் தேடும். அதை நம்ப வேண்டாம். பவுல் சொன்னது "உண்மையுள்ள" மனுஷரை. சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, சின்ன விஷயத்தில் பொய் சொல்லாமல் இருக்கிறாரா, தெரியாததைத் தெரியாது என்கிறாரா என்று பாருங்கள். ஆண்களை ஆணும் பெண்களைப் பெண்ணும் நடத்துவதே சரி. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரிடம் நேரில் அனுமதி வாங்கி, திண்ணை மாதிரித் திறந்த இடத்தில், இரண்டு பெரியவர்கள் இருக்கத்தான் நடத்த வேண்டும். இதில் விலக்கே கிடையாது.

கேட்கும்போது முழுச் சுமையையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்:

"தம்பி, வர்ற மாசியிலேருந்து வாரம் ஒரு நாள் மாற்கு சுவிசேஷம் சேர்ந்து படிக்கலாம்னு இருக்கேன். நாப்பது வாரம் வரும். பாதிக்கு மேல நீங்களும் நடத்தணும். அப்புறம் நீங்க ரெண்டு பேரைச் சேர்த்து இதே மாதிரி செய்யணும். ஒரு வாரம் யோசிச்சுட்டுச் சொல்லுங்க."

கடைசி நிபந்தனையை மறைத்து வைத்து ஏழாம் மாதத்தில் சொன்னால் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள். முதலிலேயே கேட்டவர் ஆரம்பத்திலிருந்தே, நாளைக்கு நாம் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற கவனத்தோடு கேட்பார்.

இந்துக் குடும்பத்திலிருந்து ஒருவர் விரும்பி வந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். வருவது வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பணம், வேலை, பள்ளிக்கூட சீட், வியாதி குணமாகும் என்ற உத்தரவாதம், எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். கதரேனர் நாட்டில் பிசாசு நீங்கின மனிதன் தம்மோடு வருகிறேன் என்று கெஞ்சியபோதும் இயேசு அவனை வீட்டுக்குத்தான் அனுப்பினார் (மாற்கு 5:19). புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் அப்பா அம்மாவுக்கு முன்னைவிட நல்ல பிள்ளையாக இருக்க வேண்டும். அவரை வீட்டிலிருந்து பிரித்து எடுக்கிற வேலை நம்முடையது அல்ல. குடும்பத்தில் துக்கம் நேர்ந்தால் பந்தல் போட, தண்ணீர் எடுக்க, வருகிறவர்களைக் கவனிக்க அவர் முதல் ஆளாக நிற்கட்டும். எந்தச் சடங்கில் கலந்துகொள்ள மனச்சாட்சி இடம் தராது என்பதை நல்ல நாளிலேயே வீட்டுப் பெரியவரிடம் பணிவாகச் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். பிணம் வாசலில் கிடக்கும்போது சொன்னால் அது அவமரியாதையாகத்தான் போய்ச் சேரும்.

எந்த மாதம் தொடங்குவது

நகரத்துச் சபைகளின் அட்டவணை இங்கே ஓடாது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டி குறுவை வேலை சூடுபிடிக்கும். ஆவணி, புரட்டாசியில் குறுவை அறுப்பும் சம்பா, தாளடி நாற்றங்காலும் நடவும் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, புயல், வயலில் தண்ணீர் வடிகிறதா என்ற கவலை. தையில் சம்பா அறுப்பு; நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு ஈரப்பதம் குறைய இரவு பகலாகக் காவல் கிடப்பது. அந்த நாட்களில் ஒருவர் வரவில்லை என்றால் அவருடைய விசுவாசம் குளிர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். முடிந்தால் நீங்கள் ஒரு பிளாஸ்க் டீயோடு கொள்முதல் நிலையத்துக்குப் போய், நெல் குவியல் ஓரத்திலே உட்கார்ந்து பத்து வசனம் வாசித்துவிட்டு வாருங்கள்.

தொடங்க ஏற்றது மாசி. சம்பா முடிந்து, தரிசில் விதைத்த உளுந்தும் பயறும் பூத்து நிற்கும் காலம்; கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கும். பெரும்பாலும் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களும் அப்போதுதான் வரும். மனம் ஏற்கெனவே அடங்கியிருக்கும். மாசியில் பிடித்தால் ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் சுமார் 15 வாரம் ஓடிப் பழக்கம் வேர்விட்டிருக்கும். ஜூனில் புதிதாகத் தொடங்கும் குழு நடவோடு கலைந்துபோகிறது. வருஷத்தின் 52 வாரத்தில் 40 மட்டுமே கேட்பதும் இதற்காகத்தான். அறுப்பு, தீபாவளி மழை, டிசம்பர் கீத பவனி என்று 12 வாரம் போகட்டும்.

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார்ப் பக்கம் கணக்கு வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள், வலை பின்னுகிறார்கள், மனதில் வருமானக் கவலையும் இருக்கிறது. அந்த நாட்களில் வாரம் இரண்டு முறை கூடினால் 16 பகுதிக்கு மேல் முடித்துவிடலாம். பிறகு மாதம் இரண்டு போதும்.

வார நாளை முடிவு செய்யும்போது மகளிர் குழுக் கடன் தவணை நாளை விசாரித்து அதைத் தவிர்த்துவிடுங்கள். தவணைக்குப் பணம் புரட்ட ஓடுகிற நாளில் யாரும் மாற்குவைக் கேட்க மாட்டார்கள்.

ஒன்றேகால் மணி நேரம்

வீடுகளை முறைவைத்து மாற்றுங்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் நடக்க வேண்டும். டீயும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும், அதற்கு மேல் எதுவும் கூடாது. ஒரு வீட்டில் பிரியாணி போட்டுவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் கூரை ஒழுகுகிறது, விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று ஏதாவது சொல்லித் தள்ளிப்போடுவார். உண்மையான காரணத்தைச் சொல்ல மாட்டார்.

முதல் 10 நிமிடம்: போன வாரம் எழுதினதைச் செய்தீர்களா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதுதான் எல்லாத் தவறுக்கும் தாய். இரண்டு வாரம் விட்டால் குழு வேதப் படிப்பாகிவிடும். நாலு வாரம் விட்டால் அரட்டை. செய்யவில்லை என்றால் கடிந்துகொள்ள வேண்டாம். எது தடுத்தது என்று கேளுங்கள், தேவைப்பட்டால் அதையே இந்த வாரத்துக்கும் சின்னதாக்கி எழுதுங்கள். பிறகு 5 நிமிடம் ஒரு கீர்த்தனை, ஒரு சிறு ஜெபம்.

அடுத்த 30 நிமிடம் வேதம். பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர் இருந்தால் செல்போனில் ஒலி வேதாகமத்தைப் போட்டுக் கேளுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு ஒருவர் சொந்த வார்த்தையில் கதையைச் சொல்ல வேண்டும். விட்டதையும் கூட்டிச் சொன்னதையும் மற்றவர்கள் திருத்துவார்கள். இதற்கு ஏழெட்டு நிமிடம் ஆகும்; வீண் என்று தோன்றும். ஆனால் திருப்பிச் சொன்ன சம்பவம்தான் வாரம் முழுவதும் மனதில் நிற்கும், வயலில் பக்கத்தில் நிற்பவருக்கும் போய்ச் சேரும்.

மாற்கு 2:1-12 வரும் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: கை கால் முடங்கின திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கி வந்து, கூரையைப் பிரித்து இயேசுவிடம் இறக்குகிற இடம். யார் யார் இருக்கிறார்கள்? நாலு பேருக்கு என்ன தடை வந்தது? யாருடைய கூரை அது? இந்தக் கடைசிக் கேள்வி பெரிய வியாக்கியானங்களில் அதிகம் வராது. ஆனால் வருஷா வருஷம் கீற்று மாற்றுகிறவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் உடனே பேச்சு எழும். கீற்றுக்கும் மூங்கிலுக்கும் என்ன செலவு, யார் திருப்பிக் கட்டினார்கள், நம் வீட்டுக் கூரை என்றால் விடுவோமா. அடுத்தவனை இயேசுவிடம் கொண்டுவருவதற்கு நமக்கு ஒரு செலவு உண்டு என்பது யாரும் சொல்லாமலே வந்துவிடும். பிறகு ஒருவர் கேட்பார்:

"அண்ணே, கை கால் சரியாகணும்னுதானே தூக்கிட்டு வந்தாங்க? இவரு ஏன் பாவம் மன்னிக்கப்பட்டதுன்னு சொல்றாரு?"

"நல்லாக் கேட்டீங்க. அஞ்சாம் வசனத்தை இன்னொரு தடவை வாசிங்க தம்பி. யாரோட விசுவாசத்தைப் பார்த்தார்னு இருக்கு?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள். பத்து விநாடி மௌனம் பத்து நிமிடம் போலத் தோன்றும், தாங்கிக்கொள்ளுங்கள். நடத்துபவர் அரை மணி நேரத்தில் ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் பேசினால் அது பிரசங்கம். பதில் தெரியாத கேள்வி வந்தால் "போதகர் ஐயாவைக் கேட்டு அடுத்த வாரம் சொல்றேன்" என்றால் போதும். அப்படிச் சொல்கிற தைரியத்தையும் அவர்கள் உங்களிடமிருந்து கற்றுக்கொள்வார்கள்.

பிறகு 10 நிமிடம் தீர்மானம். ஒவ்வொருவரும் ஒன்றே ஒன்று எழுத வேண்டும். "எல்லாரையும் நேசிப்பேன்", "அதிகமாக ஜெபிப்பேன்" என்பதை ஏற்காதீர்கள். அடுத்த வாரம் விசாரிக்க முடியாதது தீர்மானம் அல்ல. "வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய், வரப்பை அளக்க சர்வேயரைச் சேர்ந்தே கூப்பிடலாம் என்று சொல்வேன்" என்பது தீர்மானம். "கடைக்காரர் தவறுதலாக அதிகம் கொடுத்த 200 ரூபாயை நாளைக்குத் திருப்பிக் கொடுப்பேன்" என்பது தீர்மானம்.

ஜெபத்துக்கு 15 நிமிடம், கடைசி 5 நிமிடத்தில் அடுத்த வாரப் பகுதியும் வீடும். ஜெப விண்ணப்பம் சொல்லத் தொடங்கினால் சொந்தக்காரர் வியாதிப் பட்டியலே அரை மணி நேரம் ஓடும். ஆளுக்கு ஒரு விண்ணப்பம், அதுவும் தன்னைப் பற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை புதன்கிழமை ஜெபத்துக்கு.

இங்கே பேசியது வெளியே போகக்கூடாது. முதல் வாரமே சொல்லிவிடுங்கள். அதற்கு ஒரு வரம்பும் உண்டு, அதையும் அன்றைக்கே சொல்லுங்கள்: குழந்தைக்குத் தீங்கு நடந்தால் 1098 என்ற உதவி எண், பெண்ணுக்கு அடி உதை என்றால் 181, ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்தால் உடனே ஆளைத் தனியே விடாமல் 14416. ஜெபித்துவிட்டு ரகசியமாக வைத்திருப்பது அந்த இடங்களில் அன்பு ஆகாது.

வாட்ஸ்அப் குழு வைத்தால் நேரமும் பகுதியும் மட்டும். ஒரு குழுவில் லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கர் என்று கலந்து இருப்பதும் நம் பக்கம் சாதாரணம்தான். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 திருவிழாவுக்கும் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் நம் வாசல் வழியாகப் போகும்போது கிண்டலாக ஒரு வார்த்தையும் வேண்டாம். தண்ணீர் கொடுங்கள். மாதா, அந்நிய பாஷையில் ஜெபிப்பது, குழந்தை ஞானஸ்நானம் பற்றிய வாக்குவாதத்துக்கு இந்த 40 வாரத்தில் இடம் இல்லை.

சிக்குகிற இடங்கள்: சாதி, கடன், குடி

சாதியைப் பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. எல்லாத் தெருவிலும் கூடி, எல்லார் வீட்டு டம்ளரிலும் டீ குடித்தால் எங்கே வலிக்கிறது என்று தெரிந்துவிடும். தஞ்சைச் சபைகளில் சாதிப்படி தனித்தனியாக உட்கார்ந்த காலம் இருந்தது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் சுற்றறிக்கை விட்டு அதை நிறுத்தச் சொன்னபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. இன்றைக்கு ஆலயத்தில் பாய் ஒன்றுதான். கல்யாணப் பேச்சில் தெரு தனியாகிவிடுகிறது. ஒருவர் இன்னொருவர் வீட்டில் கை நனைக்காமல் நழுவுகிறார் என்று கண்டால் எல்லார் முன்பும் கேட்காமல், தனியே கூப்பிட்டு கலாத்தியர் 2:11-14 சேர்ந்து வாசியுங்கள். அந்தியோகியாவில் பேதுரு பிற இனத்தாரோடு சாப்பிட்ட பந்தியிலிருந்து விலகியதைச் சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்ற நடை அல்ல என்று பவுல் சொல்லும் இடம் அது. பிறகு நேரம் கொடுங்கள், ஆனால் வீட்டு முறையை அவருக்காக மாற்றாதீர்கள். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது நீங்கள் என்ன பேசுகிறீர்கள் என்பதையும் அவர் கவனித்துக்கொண்டிருப்பார்.

கடனைப் பற்றி யாரும் முதல் மாதம் சொல்ல மாட்டார்கள். சொல்லும்போது உங்களிடமே கேட்பார்கள். குழுவுக்குள் கடன் கொடுக்கல் வாங்கல் கூடவே கூடாது: வாங்கினவர் தவணை தவறினதும் உங்கள் முகத்தைப் பார்க்கக் கூசிக் கூட்டத்துக்கே வராமல் போவார், பணமும் போகும் ஆளும் போவார். அதற்குப் பதில் ஒரு தாளில் நாலு பத்தி போட்டு யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி என்று கணவன் மனைவி இரண்டு பேரும் இருக்கும்போது எழுதவையுங்கள். வட்டி அதிகமானது முதலில். அது தீரும்வரை மஞ்சள் நீர், காதுகுத்து, கிறிஸ்மஸ் துணிக்கென்று புதுக் கடன் இல்லை. அடுப்பு எரியவில்லை என்றால் அரிசியாகக் கொடுங்கள், திருப்பிக் கேட்காதீர்கள்.

குடியை விட ஒருவர் தீர்மானித்தால் மகிழ்ச்சிதான். ஆனால் தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதைப் பிசாசு என்று நினைத்துக் கட்டிப்போட்டு ஜெபிக்காமல், முதல் நாளே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஜெபத்தை அங்கே படுக்கை ஓரத்தில் செய்யலாம். மறுபடி விழுந்தால் அவமானப்படுத்தாமல் அடுத்த நாள் காலை வீட்டுக்குப் போங்கள். சாயங்காலம் வேலை முடிந்து டாஸ்மாக் வழியாக வீடு திரும்பும் அந்த அரை மணி நேரத்துக்கு மாற்று வழியும் துணைக்கு ஆளும் ஏற்பாடு செய்வது, எந்தப் பிரசங்கத்தையும்விட உதவும்.

கைமாற்றுவது

முதல் 10 வாரம் நீங்கள் நடத்துங்கள். 11 முதல் 20 வரை கேள்விப் பகுதியை முறைவைத்து ஒவ்வொருவரும். 21 முதல் 30 வரை முழு நேரமும் அவர்கள். நீங்கள் பாயின் ஓரத்தில் கற்பவராக உட்காருங்கள். தடுமாறினாலும் குறுக்கே போகாதீர்கள். மறுநாள் தனியே பார்க்கும்போது நன்றாக இருந்த இரண்டைச் சொல்லி, மாற்ற வேண்டிய ஒன்றைச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேல் சொன்னால் எதுவும் மாறாது. 31-ஆம் வாரம் அவர்கள் தங்களுக்குரிய இரண்டு பேரோடு மாற்கு முதல் அதிகாரத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். தனியே போகப் பயந்தால் கர்த்தர் அனுப்பியதுபோல் இரண்டு இரண்டு பேராகப் போகட்டும் (மாற்கு 6:7). உங்கள் கூட்டத்தின் முதல் 10 நிமிடத்தில் அந்தக் குழுக்களையும் விசாரியுங்கள்.

இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்று தள்ளிப்போடுவது அன்பால் வரும் தவறு. நாற்றங்காலில் வயது ஏறின நாற்று வயலுக்குப் போன பிறகு சரியாகத் தூர் கட்டாது. நாலு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தவரும் அப்படித்தான். எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு நடத்தலாம் என்ற எண்ணம் அவருக்குள் கெட்டிப்பட்டுவிடும். உங்களைக் கேட்காமல் ஒரு முடிவும் எடுக்க மாட்டார். அது உங்களுக்குப் பெருமையாகவும் இருக்கும். அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். எந்த நிலம் வாங்குவது, எந்த வரனைப் பார்ப்பது என்று உத்தரவு கேட்டு வந்தால், "நீங்க ஜெபிச்சு, வீட்டுல கலந்துக்கிட்டு முடிவு பண்ணுங்க" என்று திருப்பி அனுப்புங்கள்.

இந்த மண்ணின் சபை வளர்ந்ததும் கைமாறியதால்தான். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் இறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதப் பழகினார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 1719-ல் அவர் இறந்துபோனார். அதற்கு முந்தின வருஷம் அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், உபதேசியாராகக் கிராமம் கிராமமாக அலைந்து பழகி 1733-ல் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் அப்பட்டம் பெற்ற முதல் புரொட்டஸ்டண்ட் போதகர் அவர். மாயவரம் பக்கத்துக் கிராமச் சபைகளை அதன்பின் நடத்தியவர் தமிழர்தான்.

ஊரை விட்டுப் போகிறவர்கள்

40 வாரம் முடிவதற்குள் மூவரில் ஒருவர் திருப்பூருக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவது டெல்டாவில் அடிக்கடி நடப்பது. குழு உடைந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரம் ஒருமுறை 20 நிமிடம் போனில், அதே பகுதி, நோட்டில் எழுதும் அதே மூன்று கேள்வி, ஒரு தீர்மானம். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவருக்கு ஞாயிறு மத்தியானம் சரிப்படும். வளைகுடாவில் இருப்பவருக்கு விடுமுறை நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாடுகளில் சபை கூட எங்கே அனுமதி உண்டோ அங்கே மட்டும் போகச் சொல்லுங்கள். அறையில் கூட்டம் நடத்து, போட்டோ அனுப்பு என்று இங்கிருந்து தூண்டிவிட்டு அவருடைய விசாவை ஆபத்தில் போடாதீர்கள்.

கிளம்புகிற வாரம் இரண்டு வேலை இருக்கிறது. அவர் தொடங்கியிருந்த குழுவை மற்ற இருவரில் யார் ஏற்பது என்று அவர் வாயாலேயே ஒப்படைக்கச் சொல்லுங்கள். போகும் ஊரில் உள்ள தமிழ்ச் சபையின் முகவரியையும் போதகரின் எண்ணையும் விசாரித்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முதல் ஞாயிறு ஆராதனைக்குப் போனாரா என்று திங்கட்கிழமை போன் போட்டுக் கேளுங்கள். போகவில்லை என்றால் வழி தெரியவில்லையா, ஷிஃப்ட் இருந்ததா, தனியே போகத் தயக்கமா என்று கேட்டு, தயக்கம்தான் என்றால் அந்தப் போதகரிடம் நீங்களே பேசி, அடுத்த ஞாயிறு பேருந்து நிறுத்தத்தில் யாராவது ஒருவர் நிற்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.